திரும்பி வருகிறவர் என்ன சொல்ல வேண்டும்?

சேலம், நாமக்கல் சமவெளியின் பழைய ஊர்களில் ஒருவரைத் தண்டிக்கச் சிறைச்சாலை தேவைப்பட்டதில்லை. ஊர் கூடும், பெரியவர்கள் பேசுவார்கள், இன்னாரை ஊரைவிட்டு விலக்கி வைத்தாயிற்று என்று ஒரு சொல் விழும். அவ்வளவுதான். மறுநாள் முதல் அந்த வீட்டுக்கு நாவிதர் வரமாட்டார். வண்ணார் துணி எடுக்கமாட்டார். பொதுக் கிணற்றில் அவர்கள் குடம் இறங்காது. அடுப்பு அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கங்கு நெருப்புக் கேட்டு வாங்க முடியாது. மாரியம்மன் நோம்பிக்கு அவர்களிடம் வரி வாங்கமாட்டார்கள். வெளியூர்க்காரருக்கு இது சலுகைபோலத் தோன்றும்; வரி வாங்க மறுப்பதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். வீட்டில் சாவு விழுந்தால் பாடை தூக்க நான்கு தோள் கிடைக்காது. பண்டைய உரோமையரும் நாடு கடத்தும் தண்டனையை 'நீரும் நெருப்பும் மறுத்தல்' என்றே குறித்தனர். காவிரிக்கரை உழவர்களும் தைபர் நதிக்கரைச் சட்ட வல்லுநர்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே உண்மையைக் கண்டிருக்கிறார்கள்: மனிதன் தனியாக உயிர் வாழலாம், தனியாக மனிதனாக இருக்க முடியாது.

ஆனால் அதே ஊர் வழக்கத்தில் திரும்பி வருவதற்கும் ஒரு வழி இருந்தது. தண்டம் கட்ட வேண்டும். கூடியிருக்கும் ஊர்முன் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். பெரியவர் ஒருவர் எழுந்திரு என்பார். வெற்றிலை பாக்கு கைமாறும். மறுநாள் நாவிதர் வருவார். விழுந்தவர் உள்ளபடியே மனம் மாறினாரா என்று எவரும் தோண்டித் துருவிக் கேட்பதில்லை. வாசல் தாழ்வானது, குனிந்துதான் நுழைய வேண்டும். ஆனால் அது வாசல்தான், சுவர் அன்று. இவ்வழக்கத்தை நாம் போற்றிப் பாட வரவில்லை. காதலித்து மணந்த பிள்ளைகளையும், வழக்குமன்றம் சென்ற ஏழைகளையும், ஊர்ப் பெரியவரை எதிர்த்துப் பேசியவர்களையும் இதே கருவிகொண்டு நசுக்கியிருக்கிறார்கள். அதைவிடக் கொடிய செய்தி வேறொன்றுண்டு. ஊருக்கு அப்பால் சேரியில் பிறந்தவர்களுக்கு விலக்கு என்பது தண்டனையாக வரவில்லை, பிறப்போடு வந்தது. முதல் வாய்ப்பே கிடைக்காதவரிடம் இரண்டாம் வாய்ப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? இனி நாம் பேசப்போவது ஒரு காலத்தில் உள்ளே இருந்தவர்களைப் பற்றி மட்டுமே என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

நம்முடைய கேள்வி இது. ஒரு கூட்டத்தாரால் வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர் மீண்டும் ஒரு வாய்ப்பு வேண்டுமென்று வாசலில் வந்து நிற்கிறார். அவர் என்ன சொல்ல வேண்டும்?

'தவறு செய்தேன்' என்று சொல்ல வேண்டும் எனப் பெரும்பாலோர் தயங்காமல் விடை கூறுவர். உண்மையாகவே தவறு செய்தவருக்கு அது சரியான விடை. ஊதாரி மைந்தன் தொலைநாட்டிலிருந்து புறப்படும்போதே சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறான். தகப்பனோ அவன் சொல்லி முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. இதில் அறச் சிக்கல் ஒன்றும் இல்லை. மனித மனத்தின் கஞ்சத்தனம் மட்டுமே தடை. ஆனால் வெளியே நிற்பவர் தாம் தவறு செய்ததாகவே நினைக்கவில்லையென்றால்? பொய்யாக விழுந்து கும்பிட வேண்டுமா? மானத்தைக் காத்துக்கொண்டு காலமெல்லாம் வெளியே நிற்க வேண்டுமா?

இப்படி நின்றவர்களுள் ஒருவர் நம் சமவெளி வழியாகவே நடந்துபோயிருக்கிறார். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகள் காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, துறவி வாழ்வு மேற்கொண்டது நாம் அறிந்ததே. பூணூலும் குடுமியும் சந்தனமும் குலப் பழக்கங்களே, சமயச் சின்னங்கள் அல்ல. மனந்திரும்பியவர்கள் அவற்றைக் கைவிட வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. உடன் பணியாற்றிய துறவியே மேலாளர்களிடம் முறையிட்டார். சில ஆண்டுகளில் அவருடைய கைகள் கட்டப்பட்டன. 1619-இல் கோவாவில் கூடிய மாநாட்டில் பெரும்பாலோர் அவருக்கு எதிராகவே நின்றனர். அடிகள் சபையை விட்டு வெளியேறவும் இல்லை, 'தவறு செய்தேன்' என்று சொல்லவும் இல்லை. தம் வாதத்தை இலத்தீனில் விரிவாக எழுதி உரோமைக்கு அனுப்பினார், காத்திருந்தார். 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை 15-ஆம் கிரகோரியார் அவருடைய முறைக்கு இசைவு அளித்தார். அதே 1623-இல் அடிகள் மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டு, திருச்சிராப்பள்ளியைக் கடந்து, சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். சாதி வேற்றுமைக்கு அவர் இடம் கொடுத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை. அதில் நியாயம் உண்டு, ஆயினும் அது வேறு வழக்கு. இங்கு நாம் கவனிக்க வேண்டியது அவர் கேட்ட முறையை மட்டுமே. அவர் மன்னிப்பைக் கேட்கவில்லை, மறுவிசாரணையைக் கேட்டார். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது ஒரு வேண்டுகோள். என்னைத் திரும்பவும் கேளுங்கள் என்பது முற்றிலும் வேறான வேண்டுகோள். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில், பல சபைகளில் பிணக்குகள் முதுமைவரை நீள்கின்றன.

நொபிலி அடிகளுக்கு ஒரு வசதி இருந்தது. அவருக்கும் அவரை எதிர்த்தோருக்கும் மேலே இருசாராரும் ஏற்றுக்கொண்ட ஒரு நீதிபதி இருந்தார். தீர்ப்பு வந்ததும் வழக்கு முடிந்தது. நீதிபதி இல்லாத இடத்தில் என்ன செய்வது? அதற்கு விடை தேட, மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து, இதே மாவட்டத்தின் திருச்செங்கோட்டுக்கு வர வேண்டும்.

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரியில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர் இராஜாஜி. அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராகப் புகழ்பெற்று, அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்தவர். ஊர் விலக்கு என்பது அவருக்குப் புதிதன்று. தாழ்த்தப்பட்டோரோடு சமமாகப் பழகியதற்காகச் சேலத்து வைதிகர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். ஆசிரமத்தில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக வாழ்வதை ஏற்காத சுற்றுவட்டாரத்தாரும் தொடக்கத்தில் அதன் பக்கம் வரவில்லை. பின்னர் மழை பொய்த்து வயிறு காய்ந்த காலத்தில் நூற்புக் கூலி அவர்களை ஆசிரமத்தின் வாசலுக்குக் கொண்டுவந்தது. அந்த விலக்குகளை நீக்கும்படி அவர் எவரிடமும் கெஞ்சவில்லை. கெஞ்ச வேண்டிய தேவையும் இல்லை. தன்னை விலக்கிய கூட்டமே தவறானது என்று உறுதியாக நம்புகிறவருக்குத் திரும்பிப் போகும் ஏக்கம் இராது.

ஏக்கம் பிறந்தது 1942-க்குப் பிறகு. அவ்வாண்டு அவர் விலக நேர்ந்தது தாம் பிழையென்று கருதிய கூட்டத்திலிருந்து அன்று. தம் வாழ்நாளையே கொடுத்திருந்த காங்கிரசிலிருந்து. முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டாவது ஒரு தேசிய அரசை உடனே அமைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கருத்தைச் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சி 1942 ஏப்ரலில் தீர்மானமாக நிறைவேற்றியது. அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழு அதை 120 பேர் எதிர்க்க 15 பேர் மட்டுமே ஆதரிக்க நிராகரித்தது. அவர் ஓயவில்லை, மேடைதோறும் அதையே பேசினார். ஒழுங்கு நடவடிக்கைக்கான குரல்கள் எழுந்தன. கட்சியோடு உறவை முறித்துக்கொண்டு உம் பிரசாரத்தைச் செய்வதே முறை என்று காந்தியடிகளே அறிவுரை கூறினார். சம்பந்தியும் தோழருமான ஒருவரிடமிருந்து அச்சொல் வந்தபோது அவர் மனம் என்ன பட்டிருக்கும்! சூலையில் கட்சி உறுப்பினர் பதவியையும் சட்டமன்ற இடத்தையும் விட்டு விலகினார். பெயரளவில் அது விலகல். விலகுவதைத் தவிர வேறு வழி விடாமல் ஒருவரை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்துவதையும் விலக்கு என்றுதான் நாம் சொல்வோம்.

அடுத்த மாதமே 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடித்தது. இராஜாஜி அதை ஏற்கவில்லை, எதிர்த்துப் பேசினார். அவருடைய பழைய தோழர்கள் ஆயிரக்கணக்கில் சிறை புகுந்தனர். தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராயிருந்த காமராசர் பம்பாயிலிருந்து திரும்பும் வழியில் காவலர் கண்ணில் படாமல் தப்பி, செய்ய வேண்டிய ஏற்பாடுகளையெல்லாம் செய்து முடித்தபிறகு விருதுநகரில் கைதானார். 1945 சூன் வரை சிறையிலிருந்தார். அந்த மூன்றாண்டுகளும் இராஜாஜி வெளியே இருந்தார். இவர் சிறைக்கு அஞ்சியவர் அல்லர் என்பதை எல்லாரும் அறிவர். 1921-இலேயே வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதியவர், வேதாரண்யத்தில் உப்பெடுத்துத் தண்டனை பெற்றவர். எனினும் இம்முறை அவர் வெளியே இருந்தார். அதுதான் வடு.

இதற்கிடையில் விந்தையொன்று நிகழ்ந்தது. எந்தக் கருத்துக்காக இராஜாஜி வெளியேற நேர்ந்ததோ அதன் அடிப்படையில் அவர் வகுத்த திட்டத்தைக் காந்தியடிகள் ஏற்றுக்கொண்டார். 1944 செப்டம்பரில் அதை வைத்தே ஜின்னாவோடு பேச்சு நடத்தினார். பேச்சு முறிந்தது, ஆனால் 1942-இல் தேசத் துரோகம் எனப்பட்டது 1944-இல் தேசியத் தலைவரின் கையிலிருந்த காகிதமாயிற்று. 1947-இல் நாடு பிரிந்தே விட்டது. ஆகவே 'தவறு செய்தேன்' என்று இராஜாஜி சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். நான் சொன்னதே சரி என்று அவர் சொல்லியிருந்தால் அது மெய்யாகவே இருந்திருக்கலாம்; அதைவிடக் கொடிய சொல்லும் இருந்திருக்காது.

1945-இல் அவர் காங்கிரசுக்குத் திரும்பினார். அகில இந்தியத் தலைவர்களுக்கு இதில் பெரிய தயக்கம் இல்லை; சிம்லா மாநாட்டுக்கு முன்னாள் பிரதமர்களுள் ஒருவராக அவரும் சென்றிருந்தார். தகராறு முளைத்தது தமிழ்நாட்டில். தமிழ்நாடு காங்கிரஸ் குழுவுக்கு அவர் திருச்செங்கோட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தத் தேர்தல் செல்லுமா, செல்லாதா? பெரும் போராட்டத்துக்கு எதிராக நின்றவர் எந்த முறையில் உள்ளே வரலாம்? திருச்செங்கோடு என்ற நம் ஊர்ப் பெயர் அவ்வாண்டு மாகாணம் முழுவதும் ஒரு வழக்கின் பெயராகவே வழங்கியது. அர்த்தநாரீசுவரர் மலைமேல் பாதியும் பாதியுமாக ஒன்றி நிற்கும் ஊரில்தான் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் இரண்டு பாதியாகப் பிளந்தது. 1945 அக்டோபர் இறுதியில் திருப்பரங்குன்றத்தில் கூடிய மாநாடு காமராசர் பக்கமே நின்றது. இராஜாஜிக்காக 'கல்கி' எழுதினார். இவரும் முன்பு அதே புதுப்பாளையம் ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' இதழை நடத்த உதவியவர்.

பூசலுக்குள் அதிகார ஆசை இல்லையென்று சொன்னால் வாசகர்கள் சிரிப்பார்கள். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, அமைச்சரவைக்கு யார் தலைமை ஏற்பது என்ற கேள்வி எல்லார் மனத்திலும் இருந்தது. ஆயினும் அதை மட்டுமே காண்பவர்கள் காங்கிரஸ் தொண்டர்களின் மனத்தை அறியாதவர்கள். சிறையிலிருந்து திரும்பிய சாதாரணத் தொண்டர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் வீட்டில் நிலம் போயிருக்கும். தாய் இறந்த செய்தி சிறைக்குள் கடிதமாய் வந்திருக்கும். நோய் ஒன்றும் உடன் வந்திருக்கும். வெளியே வந்து பார்க்கிறார். போராட்டமே கூடாது என்றவர் மீண்டும் முன்வரிசையில் அமரப்போகிறார் என்கிறார்கள். ஊதாரி மைந்தன் உவமையில் வயலிலிருந்து திரும்பிய மூத்த மகனுக்கு இசையும் நடனமும் காதில் விழுந்ததே, அந்த நேரம் இது. மூத்த மகனைப் பற்றி நம் மறையுரைகளில் நாம் கடுமையாகவே பேசிப் பழகிவிட்டோம். அவன் பொறாமைக்காரன், கணக்குப் பார்ப்பவன் என்கிறோம். உவமையில் வரும் தந்தை அப்படிப் பேசவில்லை. இளையவனை எதிர்கொள்ள வெளியே ஓடிய அதே தந்தை, மூத்தவனிடமும் தாமே வெளியே வந்து கெஞ்சுகிறார். அந்த வீட்டில் வெளியே நின்ற மகன்கள் இருவர்.

இனிமேல்தான் நம் கருத்தைச் சொல்ல வேண்டும். இராஜாஜி தம் கொள்கையை விழுங்கியிருக்க வேண்டியதில்லை. கருத்து வேற்றுமைக்காக வெளியே நிறுத்தப்பட்டவரிடம் கருத்தைக் கைவிட்டால்தான் இடம் என்று கேட்கும் கூட்டம் உறுப்பினரைக் கேட்கவில்லை, எதிரொலியைக் கேட்கிறது. ஆனால் அவர் செலுத்த வேண்டிய கடன் வேறொன்று இருந்தது. 'நான் சொன்னது தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நீங்கள் பட்ட துன்பத்தில் நான் உங்களோடு இல்லை. அதை அறிந்தே வந்திருக்கிறேன்' என்ற ஒரு சொல். இதில் பொய் இல்லை; மானக்கேடும் இல்லை. இதைச் சொல்லவேண்டிய இடம் தலைமையின் அறையன்று, சிறையிலிருந்து திரும்பியவர்களின் திண்ணை. இராஜாஜியின் மறுவருகை அப்படி அமையவில்லை. செல்லுமா, செல்லாதா என்ற சட்ட வழியில் அது அமைந்தது. வழக்கறிஞர் அல்லவா! சட்டப்படி உள்ளே வருவது வேறு, உள்ளே இருப்போர் நகர்ந்து இடம் விடுவது வேறு.

எதிரில் நின்றோரும் ஒரு பெரும் பிழை செய்தனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. பட்ட துன்பத்தை அவர்கள் நுழைவுச்சீட்டாக மாற்றினார்கள். சிறை சென்றவனுக்கே பேச உரிமை என்ற நிலை வந்தால், அதன்பின் எவரும் உண்மையை ஆராய வேண்டியதில்லை. தழும்புகளை எண்ணினால் போதும்.

இதே இக்கட்டைத் திருச்சபை வெகு காலத்துக்கு முன்பே பட்டு அறிந்திருக்கிறது. 250-இல் உரோமைப் பேரரசன் டேசியுஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டுமென்று ஆணையிட்டான். கிறிஸ்தவர்களுள் சிலர் சிறையேறினர், சிலர் உயிர் கொடுத்தனர். மிகப் பலர் பலியிட்டனர். இன்னும் பலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழை வாங்கிக்கொண்டனர். துன்பம் தணிந்ததும் இவர்களெல்லாம் கூட்டங்கூட்டமாகத் திரும்பி வந்து வாசலில் நின்றனர். ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகரில் ஆயராயிருந்த புனித சிப்ரியானின் நிலையோ மிகவும் இக்கட்டானது. அவரே தலைமறைவாகி உயிர் பிழைத்திருந்தவர்! ஓடியவர்களை எந்த முகத்தோடு விசாரிப்பது? உரோமையில் நோவாசியன் என்னும் குரு, தவறியவர்களுக்கு இனி ஒருபோதும் இடமில்லை என்று பிரிந்து நின்றார். கார்த்தேசிலோ நேர்மாறான காட்சி. சிறையில் வாடிய விசுவாச வீரர்களே, தவறியவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு சமாதானக் கடிதங்களை எழுதிக் கொடுத்தனர். ஒருவர் பெயரை மட்டும் எழுதி 'அவரையும் அவரைச் சேர்ந்தவரையும்' ஏற்றுக்கொள்க என்றுகூடச் சிலர் எழுதிவிட, ஒரே கடிதத்தோடு எத்தனை பேர் வருவார்கள் என்று ஆயர் திகைத்தார். அவர் அக்கடிதங்களை அப்படியே ஏற்கவும் இல்லை, கிழித்தெறியவும் இல்லை. 251-இல் ஆயர்கள் கூடி ஆராய்ந்தனர். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்ப்பது, பலியிட்டவர்களை நீண்ட தவத்தில் வைத்துச் சாகுந்தறுவாயில் ஏற்பது என்று முடிவாயிற்று. அடுத்த துன்பம் அடிவானத்தில் தெரிந்தபோது, தவத்திலிருந்தவர் அனைவரையுமே சேர்த்துக்கொண்டார்கள். வரப்போகும் போரில் ஆயுதமின்றி எவரையும் நிறுத்தக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். தலைமறைவாயிருந்த அந்த ஆயர் 258 செப்டம்பரில் வாளுக்குக் கழுத்தை நீட்டினார்.

கார்த்தேசின் முடிவுகள் இன்று நமக்குக் கடுமையாகத் தோன்றலாம். நம்மைத் தொடுவது அக்கடிதங்களே. வெளியே நின்றவருக்காகப் பரிந்து பேசியவர்கள் அதிகாரம் படைத்தோர் அல்லர்; அடிபட்டவர்கள். அவர்கள் சொல்லுக்கு இருந்த எடை வேறு எவர் சொல்லுக்கும் இல்லை. தமிழ்நாட்டிலோ இராஜாஜிக்காகப் பரிந்து பேசியவர் நாட்டிலேயே பெரியவர். 1946 தொடக்கத்தில் காந்தியடிகள் சென்னைக்கு வந்து, மதுரைக்கும் பழனிக்கும் சென்று திரும்பியபின், பிப்ரவரி 10 அன்று 'ஹரிஜன்' இதழில் இராஜாஜியை ஆதரித்து எழுதினார். அவரை எதிர்ப்போரைக் குறிக்க 'கிளிக்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கையாண்டார். சிறு கும்பல் என்று அதற்குப் பொருள். மூன்றாண்டு சிறையிலிருந்துவிட்டு வந்தவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? காமராசர் காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார். இராஜாஜியும் அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. தேர்தலுக்குப் பின் அவரையே பிரதமராக்கலாம் என்று மேலிருந்து வந்த யோசனையைச் சட்டமன்றக் கட்சி ஏற்கவில்லை, பிரகாசம் பதவியேற்றார். பரிந்துரைத்த கை பெரியதாக இருந்ததாலேயே கதவு இன்னும் இறுகிக்கொண்டது. நம் பங்குகளிலும் குடும்பங்களிலும் இதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மனம் புண்பட்ட தம்பியிடம் ஊர்ப் பெரியவரை அனுப்பி அண்ணனைச் சேர்த்துக்கொள் என்று சொல்லச் செய்தால், தம்பி தலையசைப்பார், சோறு போடமாட்டார்.

விலக்கி வைக்கும் கூட்டத்துக்கு உள்ள கடமையைப் பற்றியும் ஒரு சொல். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, சபை ஒன்றிப்பிலிருந்து விலக்குவதைக் குணப்படுத்தும் தண்டனைகளின் வரிசையில் வைத்திருக்கிறது. அதாவது அது மருந்து. மருந்துக்கு ஒரு முடிவு உண்டு. அத்தொகுப்பின் 1358-ஆம் சட்டம் நம்மைச் சற்று வியக்க வைப்பது. பிடிவாதத்தைக் கைவிடாதவருக்கு விலக்கை நீக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கைவிட்டவருக்கு அதை நீக்க மறுக்கவும் கூடாது என்கிறது. திரும்பி வருவது உள்ளே இருப்போரின் தயவு மட்டுமன்று. ஓர் எல்லைக்குப் பிறகு வெளியே நிற்பவரின் உரிமை. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுலடியாரும், பலரால் தண்டிக்கப்பட்ட ஒருவரைக் குறிப்பிட்டு, பட்டது போதும், அளவு மீறிய துயரத்தில் அவர் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் கூறுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். போதும் என்று சொல்ல ஒருவர் இல்லாத இடத்தில் தண்டனை தானாக நிற்பதில்லை.

நாட்டுச் சட்டமும் இதில் தடுமாறியே வந்திருக்கிறது. பம்பாய் மாகாணம் 1949-இல் சமூக விலக்கைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. சமயப் பிரிவின் உள் ஒழுங்கில் அது தலையிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1962-இல் அதைத் தள்ளுபடி செய்தது. மகாராட்டிர மாநிலம் 2016-இல் ஊர் விலக்குக்கு எதிராக மீண்டும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அத்தகைய சட்டம் எங்கும் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. குடிநீரையும் பிணம் தூக்கும் தோளையும் மறுக்க எந்த ஊருக்கும் உரிமை கிடையாது. ஆனால் சட்டம் நாவிதரை வரவழைக்கலாம். பக்கத்து வீட்டாரை 'வாங்க' என்று சொல்ல வைக்க அதனால் முடியாது.

இராஜாஜி வங்காளத்துக்கு ஆளுநராகப் போனார். 1948-இல் நாட்டுக்கே தலைமை ஆளுநரானார். 1952 பொதுத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அப்போது ஆட்சி அமைக்க அவரைத் தேடிப் போனார்கள். ஏழாண்டுக்கு முன் வாசலை மறித்து நின்றவர்களும் இம்முறை மறிக்கவில்லை. அது இரண்டாம் வாய்ப்புத்தானா, கட்சியின் நெருக்கடியா என்று கேட்டால் இரண்டும்தான். வீடு தீப்பற்றினால் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியையும் கூப்பிடுவோம். ஈராண்டில் குலக்கல்வித் திட்டம் பெரும் எதிர்ப்பைக் கிளப்ப, அவர் பதவி விலகினார். 1954 ஏப்ரலில் அந்த நாற்காலியில் காமராசர் அமர்ந்தார். சில ஆண்டுகளில் இராஜாஜி மறுபடியும் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது அவருக்கு எண்பது வயது. இம்முறை திரும்பி வரக் கேட்கவில்லை.

பின்னர் காங்கிரசே இரண்டாய்ப் பிளந்தது. 1971 தேர்தலில் காமராசரின் ஸ்தாபன காங்கிரசும் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் ஓரணியில் நின்றன. ஒருவருக்குத் தொண்ணூற்றிரண்டு வயது, மற்றவருக்கு அறுபத்தேழு. திருச்செங்கோட்டுத் தேர்தல் செல்லுமா என்ற கேள்வியை எழுப்ப அப்போது எவரும் இல்லை. அந்த அணி தமிழ்நாட்டில் படுதோல்வி அடைந்தது. மறு ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று இராஜாஜி காலமானார்.